சிறப்புக் கல்வி வகுப்பறையில் ஒரு நாள்: பயிற்சி ஆசிரியருக்கான வழிகாட்டி

தொடக்கப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பறைக்குப் பயிற்சிக்காகச் செல்பவர் நீங்கள் என்றால், குழந்தைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே அங்கு இருங்கள். கற்பித்தல் துணைக்கருவிகளை எடுத்து வைப்பதைக் காட்டிலும் முக்கியமான வேலை ஒன்று அந்த நேரத்தில் உண்டு. அன்று நீங்கள் உடனிருக்கப் போகும் ஒவ்வொரு குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டத்தையும் (அந்தக் குழந்தைக்கென வகுக்கப்பட்ட இலக்குகளும் உதவிகளும் எழுதப்பட்ட ஆவணம்), வழிகாட்டி ஆசிரியரின் அனுமதியுடன், மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும். இத்தகைய திட்டத்தை எழுத்து வடிவில் தயாரிப்பதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியது. இன்று பல நாடுகளின் பள்ளிகளில் அது வெவ்வேறு பெயர்களில் நடைமுறையில் உள்ளது. அதைத் திறந்ததும் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் போன்ற மருத்துவப் பெயர்களே முதலில் கண்ணில் படும். அந்தப் பெயர்கள் அன்றைய வேலைக்கு அதிகம் உதவுவதில்லை. ஒரே பெயர் எழுதப்பட்ட இரண்டு குழந்தைகளில் ஒருவர் சரளமாகப் படிப்பவராகவும் மற்றவர் ஒரு சொல்லும் பேசாதவராகவும் இருக்கலாம். குழந்தை இப்போது எதைத் தானாகச் செய்கிறது, எதை உதவியுடன் செய்கிறது, தன் தேவையை எப்படித் தெரிவிக்கிறது, எந்த ஒலியோ தொடுதலோ அதற்குத் தாங்க முடியாததாக இருக்கிறது, ஒவ்வாமையும் வலிப்பும் உண்டா என்பவற்றையே தேடிப் படியுங்கள்.

திட்டத்தில் உள்ள இலக்குகளையும் கூர்ந்து பாருங்கள். ‘எண்களை அறிந்துகொள்வாள்’ என்று எழுதப்பட்ட இலக்கை வைத்துக்கொண்டு ஒரு நாளும் கற்பிக்க முடியாது. ‘ஐந்து பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, மொத்தம் எத்தனை என்று ஐந்து முறைக்கு நான்கு முறை சரியாகத் தெரிவிப்பாள்’ என்று இருந்தால், இன்று எதைச் செய்ய வேண்டும், எதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டுமே உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

அடுத்து, படக் கால அட்டவணையைச் சரிபாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்ளரும் அவருடைய சகாக்களும் 1970களில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக உருவாக்கிய கற்பித்தல் முறை, நேரத்தையும் இடத்தையும் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படி ஒழுங்குபடுத்துவதை அடிப்படையாகக் கொண்டது. இன்று பல வகுப்பறைகளின் சுவரில் காணப்படும் பட அட்டைகளின் வரிசைக்கு அந்த முறையின் தாக்கம் உண்டு. வேலை முடிந்ததும் குழந்தையே அட்டையைக் கழற்றி ‘முடிந்தது’ பெட்டியில் போடும். மழையினால் விளையாட்டு நேரம் மாறப் போகிறது என்றால், அந்த அட்டையை எடுத்துவிட்டு மாற்றத்தைக் குறிக்கும் அட்டையைக் குழந்தை வருவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். இந்தச் சிறு முன்னேற்பாடு தவறினால், பிற்பகல் முழுவதும் அதன் விளைவை அந்தக் குழந்தை தனியே சுமக்க நேரிடும்.

குழந்தைகள் வரத் தொடங்கியதும் முதலில் முகங்களைப் பாருங்கள். இரவு தூங்காத குழந்தையும், மருந்தின் அளவு மாறிய குழந்தையும் அன்று வேறு வேகத்தில் கற்கும். வீட்டாருக்கும் பள்ளிக்கும் இடையே சென்றுவரும் தகவல் குறிப்பேட்டில் பெரும்பாலும் இவை எழுதப்பட்டிருக்கும். குழந்தையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, அதன் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுங்கள். பேசாத குழந்தையைப் பற்றி, அதன் தலைக்கு மேலாக மற்றொரு பெரியவரிடம் பேசும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். பதில் சொல்ல இயலாத குழந்தைக்கும் காது கேட்கிறது, பொருள் புரிகிறது என்ற எண்ணத்துடனேயே எப்போதும் பேசுங்கள்.

பாடவேளையில் உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று குழந்தைகள் கொண்ட சிறு குழுவோ, ஒரே ஒரு குழந்தையோ ஒப்படைக்கப்படும். புதிதாக வருபவர்கள் பலரும் அன்பின் மிகுதியால் மிக விரைவாக உதவிவிடுகிறார்கள் என்பதால், உதவியை எப்படி அளந்து கொடுப்பது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கேள்வியைக் கேட்டபின் காத்திருப்பதே முதல் பாடம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டித்தால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் செறிவாகவும் அமைகின்றன என்பதையும் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் பொதுவான வகுப்பறைகளில் ஆராய்ந்து காட்டினார். மொழியை மெதுவாகப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கோ, கையை உயர்த்தவே முயற்சி தேவைப்படும் குழந்தைக்கோ மூன்று வினாடி போதாது. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த இடைவெளியில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால், குழந்தை தொடக்கத்திலிருந்து மீண்டும் புரிந்துகொள்ள வேண்டியதாகிறது.

காத்திருந்தும் செயல் வராவிட்டால், மிகக் குறைந்த உதவியிலிருந்து தொடங்குங்கள். பொருளை நோக்கி ஒரு பார்வை, பிறகு விரலால் சுட்டுதல், பிறகு செய்து காட்டுதல், அதற்கும் பிறகே கையைத் தொட்டு வழிநடத்துதல் என்று படிப்படியாகச் செல்லலாம். முற்றிலும் புதிய திறனுக்கு, தவறுகள் பழக்கமாகிவிடாதபடி, முழு உதவியில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதும் உண்டு. எந்தக் குழந்தைக்கு எது என்பதை வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வாய்மொழி உதவி மிக எளியதாகத் தோன்றினாலும், பின்னர் விலக்கிக்கொள்ள மிகக் கடினமானது அதுவே என்பது என் கருத்து. ‘எடு, வை, இப்போது அடுத்தது’ என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டிருந்தால், சொல் வராதவரை குழந்தை கையை அசைக்காமல் காத்திருக்கப் பழகிவிடும். கையைத் தொட வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லி, குழந்தை கையை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுங்கள். உங்கள் கையைக் குழந்தையின் கைக்குக் கீழே வைத்து வழிநடத்தினால், அது விரும்பியபோது விலகிக்கொள்ளும் உரிமை அதனிடமே இருக்கும்.

பல அடிகள் கொண்ட செயல்களைச் சிறு கூறுகளாகப் பிரித்து, கடைசிக் கூறிலிருந்து கற்பிக்கும் முறை அன்றாடத் திறன்களுக்கு மிகவும் ஏற்றது. மேலங்கியின் ஜிப்பை நீங்களே பொருத்திப் பெரும்பகுதி ஏற்றிவிட்டு, கடைசி விரற்கடையை மட்டும் குழந்தையை இழுக்கச் சொல்லுங்கள். செயலை முடித்த மகிழ்ச்சி முதல் நாளிலேயே குழந்தைக்குச் சொந்தமாகிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டமாக நீங்கள் பின்வாங்கலாம்.

விரும்பும் பொருளின் படத்தை எடுத்துக் கொடுத்து அதைக் கேட்டுப் பெறும் படப் பரிமாற்ற முறையில் பயிற்சி பெறும் குழந்தை வகுப்பில் இருந்தால், உங்களுக்கு மௌனமான ஒரு பொறுப்பு கிடைக்கக்கூடும். 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய அம்முறையின் முதற்கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் குழந்தைக்கு எதிரே, அது விரும்பும் பொருளுடன் அமர்கிறார். மற்றவர் குழந்தைக்குப் பின்னால் அமர்ந்து, குழந்தை பொருளை நோக்கிக் கை நீட்டிய பிறகே, படத்தை எடுத்து எதிரே உள்ளவரின் கையில் வைக்க உதவுகிறார். பின்னால் இருப்பவர் ஒரு சொல்லும் பேசக்கூடாது. உரையாடல் முன்னால் இருப்பவருடன் நடக்க வேண்டும். படங்களைச் சுட்டித் தேவையைத் தெரிவிக்க உதவும் தகவல் பலகையோ பேசும் கருவியோ எதுவாயினும், அது அந்தக் குழந்தையின் குரல். தொந்தரவு செய்கிறது என்றோ, உணவு நேரம் என்றோ சொல்லி அதை எடுத்து வைக்காதீர்கள்.

ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நிமிடங்களே நாளின் கடினமான பகுதி. ‘முதலில் இது, பிறகு அது’ என்று இரண்டு படங்கள் கொண்ட அட்டை இங்கே பெரிதும் துணை செய்யும்; விருப்பமான செயலைப் பின்னால் வைத்தால் விருப்பமற்ற செயலும் நடக்கும் என்ற இக்கோட்பாட்டை உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் முன்வைத்தார். அவ்வளவும் செய்த பின்னரும் குழந்தை கத்தலாம், பொருள்களை வீசலாம். அப்போது சொற்களைக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, மற்றக் குழந்தைகளைச் சற்றுத் தள்ளி அமர்த்தி, வழிகாட்டி ஆசிரியரை அழையுங்கள். குழந்தையைப் பிடித்து அடக்குவது பயிற்சி ஆசிரியரின் வேலையே ஆகாது.

அமைதி திரும்பியதும் முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்ற மூன்று தலைப்புகளில் எழுதுங்கள். ‘கோபப்பட்டான்’ என்பது உங்கள் ஊகம். ‘எழுத்துத் தாளைக் கொடுத்ததும் இரு கைகளாலும் மேசையைத் தள்ளினான், தாள் அகற்றப்பட்டது’ என்பது நீங்கள் கண்டது. இத்தகைய பதிவுகள் சில சேர்ந்தால், குழந்தை எதையேனும் பெற விரும்புகிறதா, எதிலிருந்தேனும் விலக விரும்புகிறதா, கவனத்தை நாடுகிறதா, உடலின் ஓர் உணர்வைத் தேடுகிறதா என்பது புலப்படத் தொடங்கும். மேசையைத் தள்ளியதால் தாள் போய்விட்டது என்றால், தள்ளுவது பலனளிக்கும் என்பதையே அந்தக் குழந்தை கற்றிருக்கிறது. அதற்கு மாற்றாக ‘ஓய்வு வேண்டும்’ என்ற அட்டையை நீட்டக் கற்றுக்கொடுத்து, நீட்டிய ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் உடனே ஓய்வு கொடுங்கள்.

உணவு நேரமும் கழிப்பறை நேரமும் ஓய்வு நேரங்களாகத் தோன்றினாலும், தேர்ந்தெடுத்தல், கேட்டுப் பெறுதல், ஆடை அணிதல் எல்லாம் மெய்யான தேவையுடன் கற்கப்படுவது அப்போதுதான். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு, எழுதி வைக்கப்பட்ட பதத்தில் மட்டுமே உணவு கொடுக்க வேண்டும். பயிற்சி பெறாமல் நீங்கள் ஊட்டக்கூடாது. கழிப்பறை உதவியில் பள்ளியின் பாதுகாப்பு விதியையும் குழந்தையின் அந்தரங்கத்தையும் ஒருசேரக் காப்பாற்றுங்கள். வலிப்பு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, குழந்தையை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர மருத்துவ உதவி தேவை. அந்தக் குழந்தைக்கெனத் தனி மருத்துவக் குறிப்பு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வகுப்பறை உதவியாளர்களிடம் நிறையக் கேளுங்கள். ஒரு குழந்தையின் எந்த முனகல் பசியைக் குறிக்கிறது, எது வலியைக் குறிக்கிறது என்பது எந்தப் படிவத்திலும் இல்லாமல் அவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

குழந்தைகள் சென்றபின், நினைவு மங்குவதற்குள் பதிவேட்டை நிரப்புங்கள். சரி, தவறு என்று மட்டும் குறிக்காமல், எந்த அளவு உதவியுடன் சரியாயிற்று என்பதையும் எழுதுங்கள். நேற்று கையைத் தொட்டபின் செய்த குழந்தை இன்று சுட்டியதும் செய்தது என்றால், மதிப்பெண் மாறாவிட்டாலும் அது முன்னேற்றமே. குழந்தைகளின் பெயர்களையோ படங்களையோ உங்கள் சொந்தக் குறிப்பேட்டிலும் கைபேசியிலும் சேமிக்காதீர்கள். பிறகு வழிகாட்டி ஆசிரியருடன் அமர்ந்து, இன்று எந்த இடத்தில் தேவைக்கு மேல் உதவினேன் என்று கேளுங்கள். அவர் சுட்டிக்காட்டும் ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு, நாளை அதில் எந்த அடியில் உங்கள் கையை விலக்கப் போகிறீர்கள் என்பதை மறுநாள் பாடக்குறிப்பில் எழுதி, அவரிடம் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.