வளர்த்த குருத்தெலும்புக்கு மாதிரி கட்டும்போது தண்ணீரை முதலில் கணக்கில் எடுங்கள்

ஆய்வகத்தில் வளர்த்த முழங்கால் குருத்தெலும்புக்குக் கணினி மாதிரி கட்டத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது மீட்சிக் குணகத்தை, அதாவது திசு எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண்ணை. நான் முதலில் பார்ப்பது, அதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. இயற்கைக் குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். சட்டென்று விழும் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதும் அந்தத் தண்ணீரின் அழுத்தமே. வெறும் திடப்பொருளாக எடுத்துக்கொண்டால் அது மாதிரிக்குள் வரவே வராது. 1980இல் உயிர்விசையியல் ஆய்வாளர் வான் மௌ குழுவினர் வெளியிட்ட, திடமும் திரவமும் சேர்ந்த இருகட்டக் கோட்பாட்டில் தொடங்குங்கள்.

மென்பொருளைத் திறக்கும் முன் தாளில் ஒரு கணக்கு: தடிமனின் வர்க்கத்தை, குணகத்தையும் ஊடுருவுதிறனையும் (திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள்; தண்ணீர் வெளியேற ஆகும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். தடிமன் 2 மி.மீ., குணகம் 0.5 மெகாபாஸ்கல், ஊடுருவுதிறன் 0.001 மி.மீ.⁴/நியூட்டன்·வினாடி என்றால் 8000 வினாடி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஓர் அடி எடுத்து வைப்பது ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். தண்ணீர் தப்ப வழியில்லை. உங்கள் திசு பத்து மடங்கு மென்மையாகவும் நூறு மடங்கு ஊடுருவலாகவும் இருந்தால் இந்த நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த இளம் திசு சுமையில் தோற்கும் காரணங்களில் ஒன்றை இங்கேயே பிடித்துவிடலாம்.

அடுத்து சோதனை. பக்கச் சுவர் அடைத்த கிண்ணத்தில் துளையுள்ள பிஸ்டனால் 10 சதவீதம் அழுத்தி, அப்படியே பிடித்திருங்கள். தகைவு (பரப்பளவுக்கான விசை) அடங்கி நின்ற இடம் குணகத்தைத் தரும். அடங்கிய வேகம் ஊடுருவுதிறனைத் தரும். அவசரப்பட்டு முன்னதாக நிறுத்தினால் இரண்டும் கெடும்.

மாதிரிக்கு நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஃபெபயோ (FEBio) என்ற மென்பொருள். பிஸ்டன் தொடும் மேற்பரப்பில் திரவ அழுத்தத்தைப் பூச்சியமாக வையுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அந்தப் பரப்பு அடைபட்டதாகவே கருதப்படும். அந்தப் பக்கம் மெஷ் (கணக்கிடுவதற்காகத் திசுவைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) நெருக்கமாக இருக்கட்டும்.

பிறகு, எந்த எண்ணையும் மாற்றாமல், பக்கச்சுவர் இல்லாத அழுத்தச் சோதனையை மாதிரி கணிக்கிறதா பாருங்கள். இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எளிய இருகட்ட மாதிரியில் உச்சத் தகைவு, அடங்கிய தகைவைப்போல் அதிகபட்சம் 1.5 மடங்குதான் வரும். அளந்த விகிதம் அதைத் தாண்டினால் ஊடுருவுதிறனைத் திருகிப் பயனில்லை. திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் பக்கவாட்டு விரிவை இழுத்துப் பிடிக்கின்றன. இழுவிசையில் மட்டும் வேலை செய்யும் இழைகளை மாதிரியில் சேருங்கள்.