கோடிங் தெரியாத திருகோணமலைக்காரர் ஓப்பன் சோர்ஸில் சேர்வது எப்படி

ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்து விடப்பட்டது, என்றவுடன் அது கோடிங் தெரிந்தவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். உப்புவெளியில் எந்த ஒழுங்கை கடற்கரைக்குப் போய்ச் சேரும், எது பாதி வழியில் ஒருவரின் மதிலில் முட்டி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியுமென்றால் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடம் தேடுகிற ஆள் நீங்கள்தான், தென்னை மறைத்த ஒழுங்கை செய்மதிப் படத்தில் தெரியாது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த வரைபடத்தை யாரும் கணக்குத் திறந்து திருத்தலாம், அதன் தரவை எடுத்து ஆப் செய்யலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், தரவைத் திருத்தி வெளியே விட்டால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான்.

உரிமம் என்று சொன்னதும் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், முதலில் மண்டையில் ஏற வேண்டியது அதுதான். கூகுள் மேப்பை அருகில் திறந்து வைத்து அதைப் பார்த்துக் கடைப் பெயரோ றோட்டோ போடக் கூடாது. "சரியான தகவல்தானே?" என்று கேட்பார்கள். சரியாகவே இருக்கட்டும், அது நம்முடையதில்லை. அப்படிப் போட்டது தெரியவந்தால் அதை நீக்குவார்கள், எது பார்த்து எழுதியது எது நடந்து போய் எழுதியது என்று பிரிக்க முடியாவிட்டால் உங்கள் நல்ல வேலையும் சேர்ந்து போகும். நீங்கள் கண்ணால் கண்டது, உங்கள் போனின் ஜிபிஎஸ் பதிந்தது, திருத்தும் பக்கத்திலேயே அனுமதியோடு தரப்படும் செய்மதிப் படம், இந்த மூன்றோடு நில்லுங்கள்.

முழு மாவட்டத்தையும் சரிப்படுத்துகிறேன் என்று கிளம்புகிறவர் இரண்டாம் கிழமை காணாமல் போய்விடுவார். உவர்மலையில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நாலு ஒழுங்கை போதும். அன்ட்ராய்ட் போன் இருந்தால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப்பைப் போட்டுக்கொண்டு பின்னேரம் வெயில் தணிந்த பிறகு நடந்து போங்கள், அது நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும்: இந்தப் பாதை தாரா, கொங்கிறீட்டா, மணலா? இந்த பாமசி எத்தனை மணிக்குத் திறக்கும்? பதிலைத் தட்டினால் வேலை முடிந்தது. நேரத்தைப் போடும்போது வெள்ளிக்கிழமை மத்தியானம் மூடுகிற கடைகளை மறக்க வேண்டாம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அதைச் சேர்க்காமல் போட்ட நேரம் பாதித் தகவல்தான்.

புதிதாகக் கோடு வரைவதற்குக் கணினி வசதி, வரைபடத் தளத்தில் 'திருத்து' என்பதை அழுத்தினாலே அதற்கான கருவி திறக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், செய்மதிப் படம் சில இடங்களில் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் ஏற்றிய ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டுப் படத்தை நகர்த்திவிட்டுப் பிறகு வரையுங்கள். அதை விட்டு, ஒருவர் நடந்து போய்ச் சரியாகப் போட்ட ஒழுங்கையைப் படத்துக்குப் பொருந்தவில்லை என்று இழுத்து வைக்க வேண்டாம்.

சேமிக்கும்போது ஒரு கட்டம் வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்கும். பலர் அதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு எரிச்சல் வருவது அதில்தான். "உவர்மலையில் இரண்டு ஒழுங்கை சேர்த்தேன், நேரில் நடந்து பார்த்தது, ஒன்று முட்டுச்சந்து" என்று எழுதினால் உங்களை அறியாத ஒருவர் ஐந்து வருடம் கழித்து வந்தாலும் எதை நம்பலாம் என்று அவருக்குத் தெரியும். அப்புறம், குச்சவெளியில் ஒரு கடையையும் வெருகலில் ஒரு பாலத்தையும் ஒரே சேமிப்பில் போடாதீர்கள். ஒவ்வொரு சேமிப்பும் அதில் தொட்ட இடங்களைச் சுற்றி ஒரு பெட்டியாகத்தான் பதிவாகும், இரண்டும் சேர்ந்தால் பெட்டி கொட்டியாரக் குடாவையே விழுங்கிவிடும், சரிபார்க்க வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. உங்கள் திருத்தத்தை யாராவது பார்க்கும்படி கேட்கும் ஒரு சிறு பெட்டியும் அங்கே இருக்கும், புதியவர் என்றால் அதில் சரி போடுங்கள்.

இனிப் பெயர். நம் மாவட்டத்தில் சண்டை வருவது இங்கேதான். ஒரே இடத்துக்குத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் யாருடைய ஊர் என்ற வழக்கும் இருக்கும். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் மொழிவாரியாகப் பெயர் சேர்க்கலாம். தமிழ்ப் பெயரைத் தமிழுக்கு உரிய இடத்தில் போடுங்கள், சிங்களத்தை அது தெரிந்த கூட்டாளியிடம் எழுதி வாங்குங்கள், ஏற்கெனவே இருக்கும் பொதுப் பெயரைத் தனியாக முடிவெடுத்து மாற்ற வேண்டாம். யாருடையது என்று வழக்காடும் கன்னியா வெந்நீரூற்றின் வரலாற்றை ஒரு பெயர்க் கட்டத்துக்குள் தீர்க்க முடியாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் வழக்கம், இன்று அந்த இடத்தில் போர்டில் என்ன இருக்கிறது, ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பார்ப்பது.

யாராவது நீங்கள் போட்டதை மாற்றிவிட்டால் உடனே திருப்பி மாற்றாதீர்கள். அவருடைய சேமிப்பின் கீழேயே கேட்கலாம்: "வணக்கம், இந்தப் பாதையை நீக்கியிருக்கிறீர்கள், போன கிழமையும் நான் இதால் சைக்கிளில் போனேன், ஏதும் மாற்றம் நடந்ததா?" அநேகமாகப் பதில் வரும். ஒருவேளை அந்த மனிதர் மாரி வெள்ளத்தில் பாதை மூழ்கியதைப் பார்த்து அழித்திருப்பார், வெள்ளம் வடிந்தால் பாதை அங்கேயேதான் இருக்கும் என்று விளக்குங்கள்.

படம் எடுப்பது பிடித்தவர்களுக்கு விக்கிமீடியா பொதுவகம், விக்கிப்பீடியா படங்களை எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியம். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான், நிலாவெளிக் கடற்கரை எல்லாம் நிறைய வரும், மீன் வாடி, தம்பலகாமத்து வயல் வாய்க்கால், பஸ் நிலையப் போர்டு போன்றவற்றை எடுங்கள், விக்கிப்பீடியாக் கட்டுரை எழுதுகிறவர் தேடித் தவிப்பது அவற்றைத்தான். நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும், வட்ஸ்அப்பில் வந்தது ஆகாது. "வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற நிபந்தனையோடு கொடுத்தால் பொதுவகம் எடுக்காது, ஒருமுறை கொடுத்த உரிமத்தைப் பின்னர் திரும்பப் பெறவும் முடியாது, அதனால் யோசித்துவிட்டு ஏற்றுங்கள். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த பழைய படம் என்றால் எடுத்தவர் யாரென்று பாருங்கள், இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாக ஆளின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும்.

காவலரண், முகாம், கடற்படைத் தளம் இவற்றின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், எந்த உரிமமும் அங்கே உங்களைக் காப்பாற்றாது. வீட்டுக்காரரின் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றையும் வரைபடத்தில் போடாதீர்கள்.

திருத்தம் தளத்தில் சில நிமிடத்தில் தெரிய வரும். ஓர்கானிக் மேப்ஸ் போல இணையமில்லாமல் ஓடும் ஆப்களில் சில கிழமை ஆகலாம், அதுவும் புதிய தரவை நீங்கள் இறக்கினால்தான். தெரியவில்லையே என்று அதே கடையை மறுபடி போட்டுவிடாதீர்கள், பிறகு ஒரே கடை இரண்டாக நிற்கும், அதைத் துப்புரவாக்க இன்னொருவர் மினக்கெட வேண்டும்.