மண்டையோட்டு அந்துப்பூச்சி: இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போர், இரவில் பெட்டியின் வாயிலில் வந்தமரும் கனத்த மண்டையோட்டு அந்துப்பூச்சியை மெழுகுப் பூச்சியின் பெரிய வகை என எண்ணிவிடக் கூடாது. மெழுகுப் பூச்சி மிகச் சிறியது. பைரலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் புழுதான் அடையைத் துளைத்து நூல் பின்னி அழிக்கிறது. மார்பின் மேற்புறத்தில் மண்டையோட்டைப் போன்ற குறி கொண்ட அக்கெரோன்டியா பேரினமோ, ஸ்பிஞ்சிடே எனப்படும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தில் அடங்கும். பின்முனையில் கொம்புடைய இதன் புழு எள், கத்திரி போன்றவற்றின் இலைகளைத் தின்று, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறும். பெட்டியை நாடி வருவது தேன் குடிக்க வரும் வளர்ந்த பூச்சி மட்டுமே என்பதால், இதற்காக அடைகளை வெட்டி எறிவது வீண் வேலை.

மண்டையோட்டுக் குறியை மட்டும் பார்த்துச் சிற்றினப் பெயர் சூட்டுவதே நான் மிகுதியாகக் காணும் பிழை. லின்னேயஸ் 1758-இல் விவரித்த அட்ரோபோஸ், ஃபேப்ரீசியஸ் 1798-இல் விவரித்த லாக்கெசிஸ், வெஸ்ட்வுட் பின்னர் விவரித்த ஸ்டிக்ஸ் ஆகிய மூன்று அக்கெரோன்டியா சிற்றினங்களுக்கும் அக்குறி பொது. இவற்றுள் அட்ரோபோஸ் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது; படங்களில் அதுவே அதிகம் காணப்படுவதால், விளவங்கோட்டில் எடுத்த ஒளிப்படத்துக்கும் அப்பெயரையே எழுதிவிடுகிறார்கள். நம் நாட்டில் உள்ளவை மற்ற இரண்டுமே. பின்னிறக்கையின் அடிப்பகுதியில் பெரிய கறுப்புத் திட்டு இருந்தால் அது லாக்கெசிஸ். அவ்விடம் மஞ்சளாக இருந்து, குறுக்கே இரு கரும்பட்டைகள் ஓடினால் ஸ்டிக்ஸ். அட்ரோபோஸின் வயிற்றடியில் உள்ள கரும்பட்டைகள் ஸ்டிக்ஸில் பொதுவாக இருப்பதில்லை. அமர்ந்திருக்கும்போது முன்னிறக்கைகள் பின்னிறக்கைகளை மூடிக்கொள்வதால், முதுகுப்புறப் படம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியன்று.

அதே பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தின் அக்ரியஸ் பேரினத்தோடு குழப்புவதும் உண்டு. அதன் வயிற்றில் இளஞ்சிவப்புப் பட்டைகள் இருக்கும். பூவின் ஆழத்தை எட்டும் மிக நீண்ட உறிஞ்சுகுழல் இருக்கும். அக்கெரோன்டியாவின் குழலோ குட்டையானது, தடித்தது, மெழுகு மூடியைக் குத்தித் திறக்கும் உறுதி கொண்டது.

தொட்டால் எழும் கீச்சொலி இறக்கை உரசலால் வருவதன்று. தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியேற்றுவதால் பிறப்பது. அவ்வொலிக்கு அஞ்சி இதை அடித்துக் கொல்ல வேண்டாம். இது கொட்டாது, கடிக்காது. கண்ணாடிக் குப்பியால் மூடி, பின்னிறக்கையும் வயிற்றடியும் தெரியும்படி படமெடுத்துவிட்டு, பெட்டிகளுக்குத் தொலைவில் விட்டுவிடலாம்.