பாப்பாவுக்குப் பொதுநிறத்தில் ஸ்வெட்டர்: பின்னும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் வளைகாப்பு முடிந்த கையோடு ஊசியைக் கையில் எடுப்பவர்கள் க்ரீம், சாம்பல், கடுகு மஞ்சள், இளம்பச்சை என்று யாருக்கும் பொருந்தும் நிறங்களைத் தேடுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் வெளிர்நிற நூல் எதையும் மறைக்காது. கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) ஒன்று தளர்ந்தாலும், நூல் சேர்த்த இடத்தில் முடிச்சு இருந்தாலும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தவறு, நூலை அளந்து அளந்து வாங்குவது. அக்கா மகளுக்கு நான் பின்னிய க்ரீம் ஸ்வெட்டரில் கடைசிக் கைக்கு நூல் போதவில்லை. அதே கடையில், அதே நிற எண்ணில் இன்னொரு கண்டு வாங்கி இரவோடு இரவாக முடித்தேன். டியூப் லைட்டில் வித்தியாசமே தெரியவில்லை. காலையில் மொட்டை மாடியில் விரித்தால், ஒரு கை பால் நிறம், மற்றதெல்லாம் வெண்ணெய் நிறம்! நிற எண் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட தொகுதி வேறு. லேபிளில் 'லாட்' என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு கண்டு கூடுதலாகவே வாங்குங்கள். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் அளவு. பிறந்த குழந்தையின் அளவுக்கே எல்லோரும் பின்னுகிறோம். சில வாரங்களில் அது பத்தாமல் போய்விடும். ஆறு மாத அளவு நல்லது, ஆனால் மாதத்தைக் கணக்குப் போடுங்கள். ஆடியில் பிறக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதம் தை, அப்போது ஸ்வெட்டர் உதவும். மார்கழியில் பிறந்தால் ஆறாம் மாதம் வெயில் காலம். சென்னையில் அதற்குப் பருத்தி நூலில் கையில்லாத சட்டைதான் சரி. ஊட்டி, கொடைக்கானல் என்றால் கம்பளி தாராளமாகப் பின்னலாம். அதைச் சுடுநீரில் கசக்கினால் சுருங்கி இறுகிவிடும் என்பதைக் குழந்தையின் அம்மாவிடம் சொல்லிக் கொடுங்கள்.

அதே நூலிலும் ஊசியிலும் சின்னதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்க்காமல் நேராகச் சட்டையில் இறங்குவது இன்னொரு தவறு. பின்னல் குறிப்பில் 4 அங்குலத்துக்கு 22 கண்ணி என்று இருக்கிறது, உங்கள் கைக்கு 20தான் வருகிறது என்று வையுங்கள். 110 கண்ணியில் 20 அங்குலம் வர வேண்டிய சுற்றளவு 22 ஆகிவிடும். துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும்.

கழுத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். பிறந்த குழந்தைக்குத் தலைச்சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர், மார்புச்சுற்றளவு அதைவிடச் சற்றுக் குறைவு. பெரியவர்கள் சட்டையை அப்படியே சின்னதாக்கினால் தலை நுழையாது. கழுத்தின் கடைசி வரிசையை ஒரு அளவு பெரிய ஊசியால் தளர்வாக முடியுங்கள். முன்பக்கம் திறக்கிற மாதிரி பின்னினால் இன்னும் நிம்மதி, தலை நிற்காத குழந்தையைப் புரட்டாமலே போட்டுவிடலாம்.

ஒரே வெளிர்நிறம் என்றால் சப்பென்று இருக்குமே என்று கழுத்தில் ரிப்பன், முத்து எல்லாம் வைக்காதீர்கள். ரிப்பன் கழுத்தை இறுக்கும், முத்து வாய்க்குள் போகும். அழகு பின்னலிலேயே வரட்டும். ஒரு கண்ணி நேர் (நிட்), ஒரு கண்ணி மறி (பர்ல்), அடுத்த வரிசையில் அதையே மாற்றிப் போட்டால் வரும் அரிசி மணிப் பின்னல் க்ரீம் நூலில் எடுப்பாகத் தெரியும். பெரிய ஓட்டை விழும் பூவேலையைப் போர்வையிலும் சட்டையிலும் தவிர்த்துவிடுங்கள், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

கையுறை, காலுறையைக் கொடுக்கும் முன் உட்புறத்தை வெளியே திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். தொங்கும் நூல் நுனி ஒன்று விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடக்கூடும், குழந்தை அழுதாலும் காரணம் வெளியே தெரியாது. நுனிகளை ஊசியில் கோத்து இரண்டு அங்குலமாவது உள்ளே இழுத்துவிட்டு, அப்புறம் கத்தரியுங்கள்.