"தேசப் பாதுகாப்பு" என்றதும் கேள்வியை நிறுத்திவிடாதீர்கள்: தென்னாப்பிரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன் நகரில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ராணுவ வண்டி ஒன்று தெருமுனையில் நின்றால் போதும், "எமர்ஜென்சி போட்டுட்டாங்க" என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பறக்கும். இது பெரிய தவறு. ராணுவத்தை இறக்குவதும் அவசரநிலை அறிவிப்பதும் சட்டத்தில் வெவ்வேறு காரியங்கள்.

காவல்துறைக்குத் துணையாக ராணுவத்தை அனுப்ப அரசமைப்புச் சட்டத்தின் 201ஆம் பிரிவு போதும். அந்த உத்தரவைக் குடியரசுத் தலைவர் மட்டுமே தர முடியும். ஏன், எங்கே, எத்தனை பேர், எத்தனை நாள் என்ற விவரங்களை அவர் தாமதமின்றி நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும். முதல் 7 நாட்களில் அவை கூடாவிட்டால் உரிய மேற்பார்வைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இந்த உத்தரவு மட்டும் உங்கள் அடிப்படை உரிமை எதையும் நிறுத்தி வைக்காது.

அவசரநிலைக்கு 37ஆம் பிரிவு. அது 21 நாட்களுக்கு மேல் தானாக நீடிக்காது. நீட்டிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவை வாக்களிக்க வேண்டும்: முதல் முறை மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதன்பின் 60 விழுக்காடு, ஒவ்வொரு முறையும் 3 மாதத்துக்கு மிகாமல். விசாரணையின்றி ஒருவரை அடைத்தால் 5 நாட்களுக்குள் அவர் பெயரை அரசிதழில் வெளியிட வேண்டும். 10 நாட்களுக்குள் நீதிமன்றம் அதை ஆராய வேண்டும். உயிருரிமையிலும் மனித மாண்பிலும் அப்போதுகூடக் கை வைக்க முடியாது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா சிறை சென்றதையடுத்து வெடித்த 2021 ஜூலைக் கலவரத்தில் 25,000 வீரர்கள் வரை இறக்க முடிவானது, ஆனால் அவசரநிலை அறிவிக்கப்படவில்லை. 2020 கொரோனா ஊரடங்கும் அவசரநிலை அல்ல. அது 2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆகவே எந்த உத்தரவு வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கையெழுத்து யாருடையது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தெருவே தானாகச் சட்டமானால் என்ன ஆகும் என்பதும் அதே ஜூலையில் தெரிந்தது. நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் என்பது காவல்துறை தந்த கணக்கு. கடைகள் எரிந்தபோது காவலர்கள் வரவில்லை என்பது உண்மை. அந்த அச்சத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் டயரும் மரக்கட்டையும் போட்டுத் தெருவை மறித்து, வருகிறவர் போகிறவரை நிறுத்தி வண்டியைச் சோதித்த பல இடங்களில் சட்டத்தின் ஆதரவு துளியும் இல்லை. சாலைத்தடுப்பு போடும் அதிகாரம் 1995ஆம் ஆண்டு காவல்துறைச் சட்டத்தின் 13(8) பிரிவில் இருக்கிறது. பொதுவாக, தேசிய அல்லது மாகாண ஆணையர் எழுத்தில் அனுமதித்த காவலருக்கே அது உண்டு. தெருக்காவல் குழுவுக்கு இல்லை. மஞ்சள் ஜாக்கெட்டும் வாக்கிடாக்கியும் அதை வாங்கித் தந்துவிடாது.

பொதுமக்களில் ஒருவர் செய்யக்கூடியது, 1977ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் உள்ள கைது. கொலை, கொள்ளை, திருட்டு, தீவைப்பு போன்ற முதல் அட்டவணைக் குற்றம் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும், அல்லது இவர்தான் செய்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். "இந்தப் பக்கத்து ஆள் மாதிரி தெரியல" என்பது காரணமே அல்ல. பிடித்தவரை முடிந்தவரை விரைவாகக் காவல்நிலையத்தில் சேர்க்க வேண்டும். சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்து விசாரிக்கக் கூடாது. ஓடுகிறவரைச் சுடுவது இன்னும் ஆபத்தான தவறு. கைதின்போது உயிர் போகக்கூடிய பலத்தைப் பயன்படுத்த அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு வைக்கும் வரம்பு மிகக் குறுகியது: அவரால் உங்களுக்கோ பிறருக்கோ கடுமையான வன்முறை நேரும் ஆபத்து இருக்க வேண்டும், அல்லது அவர் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்த, விளைவிப்பதாக மிரட்டிய குற்றத்தைச் செய்தவர் என்று நம்ப நியாயமான காரணமும், அவரை அப்போதோ பின்னரோ பிடிக்க வேறு நியாயமான வழி இல்லாத நிலையும் இருக்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் இதற்குள் வரமாட்டார்.

அரசு செய்த தவறும் சின்னதல்ல. கலவரம் பற்றி முன்கூட்டியே உளவுத் தகவல் கொடுத்தோம் என்றார் உளவுத்துறையைக் கவனித்த அப்போதைய அரசுப் பாதுகாப்பு அமைச்சர் அயாண்டா ட்லோட்லோ. எனக்கு எதுவும் வரவில்லை என்றார் அப்போதைய காவல்துறை அமைச்சர் பெக்கி செலே. இரண்டும் ஊடகம் முன்பே நடந்தது. புதிய அதிகாரம் கேட்பதற்கு முன், இருக்கிற அறிக்கை யார் மேசைக்கு எந்த நேரத்தில் போனது என்று பதிவு வைத்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது.

ஒட்டுக்கேட்பு பற்றி இரு விதமான பிழைகள். "அரசு நினைத்தால் எதையும் கேட்கும்" என்பது ஒன்று. 'ரைக்கா' எனப்படும் 2002ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டப்படி, பேச்சை இடைமறித்துக் கேட்க நீதிபதியின் ஆணை வேண்டும். 2008இல் பத்திரிகையாளர் சாம் சோலின் பேச்சு கேட்கப்பட்டதிலிருந்து கிளம்பிய வழக்கில், 2021 பிப்ரவரி 4 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்றது. கண்காணிப்பு முடிந்து 90 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடைக்கால விதியையும் சேர்த்தது. நீதிபதி அதைத் தள்ளிவைக்கலாம். குறிப்பிட்ட ஆளை மட்டுமல்லாமல் எல்லோருடைய தகவல்தொடர்பையும் மொத்தமாக அள்ளுவதற்குச் சட்ட ஆதாரமே இல்லை என்றும் தீர்ப்பளித்தது. இரண்டாவது பிழை இதற்கு நேர் எதிரானது: "ரைக்கா இருக்கிறது, நிம்மதி". யார் யாரை எப்போது அழைத்தார் என்ற பதிவுகளைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவு வழியாக ஒரு மாஜிஸ்திரேட்டிடமே பெறலாம். கவலைப்பட வேண்டிய வாசல் அதுதான்.

நீங்கள் பங்கேற்கும் உரையாடலை நீங்களே பதிவு செய்வது, குற்றம் செய்யும் நோக்கம் இல்லாதவரை, குற்றமல்ல. மனைவியின், மருமகனின், கோயில் கமிட்டித் தலைவரின் போனில் செயலி போட்டுக் கேட்பது குற்றம். 20 லட்சம் ராண்ட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை.

"ரகசியம்" என்ற முத்திரையைக் கண்டதும் தகவல் கேட்பதை நிறுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. 'பாயா' எனப்படும் 2000ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தில் பாதுகாப்புக்கான விலக்கு 41ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் பிரிவின் வாசகத்தைத் திருப்பிச் சொன்னால் மறுப்பு நிலைக்காது. 2002 சிம்பாப்வே தேர்தல் பற்றி இரு தென்னாப்பிரிக்க நீதிபதிகள் எழுதிய அறிக்கையை அரசு பூட்டி வைத்தது. 2011இல் அரசமைப்பு நீதிமன்றம், மறுப்பை நியாயப்படுத்தும் சுமை அரசுடையது என்றது. அறிக்கை 2014இல் வெளிவந்தது.

செய்முறை இப்படி. பாயாவின் 2ஆம் எண் படிவத்தில் கேளுங்கள். "பாதுகாப்புக் கோப்புகள் எல்லாம்" என்று எழுதாமல் ஆவணத்தின் வகை, துறை, காலம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பரந்த கேள்விக்குக் கிடைப்பது நீட்டிப்புக் கடிதம்தான். பதிலுக்கு 30 நாட்கள், ஒரே ஒரு முறை இன்னும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். பதிலே வராவிட்டால் 27ஆம் பிரிவுப்படி மறுத்ததாகக் கணக்கு. அரசுத் துறை என்றால் 4ஆம் எண் படிவத்தில் 60 நாட்களுக்குள் உள்முறையீடு. பலர் இதைத் தாண்டி நேராக 5ஆம் எண் படிவத்தோடு, புகார்களை விசாரிக்கும் தகவல் ஒழுங்காற்றுநரிடம் (Information Regulator) போய்த் திரும்பி வருகிறார்கள். முறையீட்டில் 28ஆம் பிரிவைக் கட்டாயம் எழுதுங்கள்: ஒரு பக்கத்தில் இரு வரி ரகசியம் என்றால், அந்த இரு வரியை மறைத்துவிட்டு மீதியைத் தரவேண்டும்.

கடைசியாக, கோயில்களும் சங்கங்களும் கவனிக்க வேண்டியது. 2023 பிப்ரவரி முதல் 2025 அக்டோபர் வரை தென்னாப்பிரிக்கா பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பின் (FATF) சாம்பல் பட்டியலில், அதாவது கறுப்புப் பணத்தையும் பயங்கரவாத நிதியையும் தடுப்பதில் குறையுள்ள நாடுகளின் பட்டியலில், இருந்தது. அந்தக் காலத்தையொட்டி வந்த 2022ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டம், வெளிநாட்டுக்கு நன்கொடையோ நிவாரணமோ அனுப்பும் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. யாழ்ப்பாணத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ வெள்ள நிவாரணம் சேர்க்கும்போது, பதிவில்லாத சங்கத்தின் பணத்தைச் செயலாளரின் சொந்தக் கணக்கில் போட்டு அனுப்பக் கூடாது. முதலில் சங்கத்தைப் பதிவு செய்து, அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி, பெறுபவரின் பெயரும் தொகையும் ரசீதும் கோப்பில் வைத்துவிட்டு, அதன்பின் பணத்தை அனுப்புங்கள்.