மதுரையில் சமணர் மலையைப் பார்ப்பது எப்படி?

மதுரைக்கு வருவோரில் பலர் மீனாட்சியம்மன் கோயிலோடு திரும்பிவிடுவதால், நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலையை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். வெயில் ஏறினால் பாறை காலைச் சுட்டுவிடும் என்பதால், விடிந்ததுமே போய், தாமரைக் குளத்தை ஒட்டிய அய்யனார் கோயிலருகே தொடங்கும் படிகளில் ஏறுங்கள். மலைமேல் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் சுனைக்கு மேலே வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் (சமண சமய குருமார்) உருவங்களையும், அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துகளையும் (பழைய தமிழ் எழுத்துமுறை) வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால்தான் கோடுகள் தெளிவாகத் தெரியும்; எழுத்து துலங்கட்டும் என்று சுண்ணாம்பு தடவுவது கல்வெட்டுக்குச் செய்யும் கெடுதல்.

பிறகு கீழிறங்கிச் செட்டிப்புடவு என்னும் குகைக்குச் செல்லுங்கள். அதனுள், சிங்கத்தின் மீதமர்ந்து, யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி என்னும் சமணப் பெண்தெய்வத்தின் சிற்பம் இருக்கிறது. மலையிலேயே சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம். குனிந்து நுழைந்து, கண் இருளுக்குப் பழகும் வரை பொறுத்திருங்கள்.