இரவு முழுவதும் ஓட்டும் மவுண்டன் பைக் பந்தயத்திற்குத் தயாராவது எப்படி?

இருபத்து நான்கு மணி நேர மவுண்டன் பைக் பந்தயம் பெரும்பாலும் ஒரு நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகலில் முடியும். காட்டுக்குள்ளும் மேட்டுச் சரிவுகளிலும் வளைந்து செல்லும் ஒரே தடத்தைத் தனியாகவோ, இருவர் அல்லது நால்வர் அணியாக ஒருவர் மாற்றி ஒருவரோ திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். அதிகச் சுற்றுகளை முடித்தவர் வெற்றி பெறுவார். சுற்றுகளின் எண்ணிக்கை சமமானால், கடைசிச் சுற்றை முன்னதாக முடித்தவருக்கு முதலிடம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 1992-இல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் கனான்' பந்தயத்திற்குப் பிறகு இந்த வடிவம் பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தில் ஜனவரி மாதத்தில் நடைபெறும் ஸ்ட்ராத்பஃபர் பந்தயத்தில் இருட்டு மட்டுமே ஏறத்தாழ 17 மணி நேரம் நீடிக்கிறது.

முதன்முறையாகக் கலந்துகொள்ளும் பலர் கால்களின் வலிமையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, கால்கள் ஓய்ந்துபோவதற்கு வெகுநேரம் முன்பே மூளை ஓய்ந்துவிடுகிறது. அதிகாலை மூன்று மணிக்கு எந்தப் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது, கையுறையை எங்கே வைத்தோம், இன்னொரு சுற்று போவதா படுப்பதா என்ற சிறு கேள்விகள்கூடப் பெரும் பாரமாகிவிடும். ஆகவே இருட்டில் செய்ய வேண்டியவை அனைத்தையும் பகல் வெளிச்சத்திலேயே முடிவு செய்து எழுதி வைத்துவிடுவதுதான் இந்தப் பந்தயத்திற்கான உண்மையான தயாரிப்பு.

முதலில் விதிமுறைகளை முழுமையாகப் படியுங்கள். நேரம் முடிவதற்குள் தொடங்கிய சுற்று கணக்கில் சேருமா, அல்லது முடித்த சுற்று மட்டும்தான் சேருமா என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். எந்த மணியிலிருந்து விளக்கு கட்டாயம், தடத்தின் நடுவில் வேறொருவரிடம் உதவி பெறலாமா என்பதும் அப்படியே. அடுத்து, தடத்தைப் பந்தயத்திற்கு முன்பே இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். ஒரு முறை பகலில், முடிந்தால் ஒரு முறை இருட்டிய பிறகு. பகலில் பாறைகளுக்கு நடுவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி வேகமான வழியாக இருக்கலாம். இரவில் அதே இடத்தில் சற்றுச் சுற்றிப் போகும் பாதுகாப்பான வழி ஒன்று வேண்டும். அந்த வழியை அடையாளம் காட்டும் மரத்தையோ பாறையையோ மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம், ஏனெனில் செங்குத்தான ஏற்றத்தில் முக்கி மிதிப்பவருக்கும் விரைந்து நடப்பவருக்கும் இடையே நேர வேறுபாடு மிகக் குறைவு, ஆனால் தொடைகளில் மிஞ்சும் வலு பல மணி நேரம் கழித்துத் தெரியும்.

விளக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு விளக்குகள் தேவை: ஒன்று ஹேண்டில்பாரில், மற்றொன்று ஹெல்மெட்டில். ஹெல்மெட் விளக்கு கண்ணுக்கு மிக அருகிலிருந்து ஒளி வீசுவதால், பாறையின் நிழல் பாறைக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. தரை முழுவதும் தட்டையாகத் தோன்றுகிறது. ஹேண்டில்பார் விளக்கு தாழ்வான இடத்திலிருந்து வீசுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் குழிக்கும் முன்னோக்கி நீளும் நிழல் விழுகிறது. பள்ளத்தின் ஆழத்தைக் கண் அந்த நிழலைக் கொண்டுதான் அளக்கிறது. ஆனால் அந்த விளக்கு சக்கரம் திரும்பும் திசையைத்தான் காட்டும், வளைவுக்கு அப்பால் இருப்பதைக் காட்டாது. பார்வை போகும் இடமெல்லாம் ஒளி போவதற்கு ஹெல்மெட் விளக்கு வேண்டும். எனவே கீழே அகலமான ஒளியும் மேலே குவிந்த ஒளியும் அமைவது நல்லது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் தூரம் கடந்துவிடுகிறோம் என்பதை நினைத்தால், விளக்கில் சிக்கனம் பார்ப்பது தவறு என்பது புரியும். என் அனுபவத்தில், ஹேண்டில்பாரில் 1000 லூமனுக்கு (லூமன் என்பது ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) குறையாத விளக்கு இருந்தால்தான் இறக்கத்தில் மனம் அமைதியாக இருக்கும். மூடுபனியோ புழுதியோ எழும்பினால் ஹெல்மெட் விளக்கின் ஒளி வெள்ளைத் திரைபோலக் கண்ணுக்கே திரும்பி வரும். அப்போது அதைக் குறைத்துவிட்டுக் கீழ்விளக்கை நம்புங்கள்.

பேட்டரிக் கணக்கை வீட்டிலேயே போட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட நேரத்தை நம்பாமல், ஒவ்வொரு பேட்டரியையும் முழுமையாகச் சார்ஜ் செய்து, விளக்கை எரியவிட்டு, அணையும் வரை நேரம் குறியுங்கள். அப்போது ஒரு மின்விசிறியை விளக்கின் முன் ஓடவிடுவது அவசியம், ஏனெனில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பல விளக்குகள் சூடேறித் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அளந்த நேரம் பொய்யாகிவிடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும் என்பதால், அளந்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது என் வழக்கம். என் இரண்டாவது பந்தயத்தில் இந்தக் கணக்கை நான் போடவில்லை. இருட்டத் தொடங்கியதும் விளக்கை முழு ஒளியில் வைத்து, மெதுவாக ஏறும் இடங்களிலும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவது இரவுச் சுற்றில், வேர்கள் நிறைந்த இறக்கத்தின் நடுவில் ஹேண்டில்பார் விளக்கு அணைந்தது. ஹெல்மெட் விளக்கு தனியான பேட்டரியில் எரிந்துகொண்டிருந்ததால் மட்டுமே விழாமல் நிற்க முடிந்தது. அதன் பிறகு ஏற்றம் முழுவதும் குறைந்த ஒளி, உச்சியைத் தொட்டதும் முழு ஒளி என்ற பழக்கத்தை ஒருபோதும் விட்டதில்லை. இவை தவிர, சட்டைப் பையில் விரலளவு சிறிய விளக்கு ஒன்று எப்போதும் இருக்கட்டும். பஞ்சர் ஒட்டும்போதும் அது உதவும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, பந்தய வாரத்தில் புதிதாக எதையும் மாற்றாதீர்கள். புதிய பிரேக் பேட் போடுவதாக இருந்தால் அந்த வாரத்திற்கு முன்பே போட்டு, சில நாள்கள் ஓட்டிப் பழக்கியிருக்க வேண்டும். சேற்றில் ஒரே இரவில் ஒரு ஜோடி பேட் முழுவதும் தேய்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன், ஆகையால் மாற்று ஜோடி, சுற்றுகளுக்கு நடுவே நீங்கள் நிற்கும் கூடாரத்தில் தயாராக இருக்கட்டும். உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில், துளைகளை அடைக்கும் திரவமான சீலன்ட் உலர்ந்துபோகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் தரை குளிர்ந்து ஈரமாகும்போது டயரின் அழுத்தமும் தானாகவே சற்றுக் குறையும். அதனால் மாலையில் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது. தடத்தில் உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை: ஒரு டியூப், பம்பு, டயர் நெம்பி, செயின் அறுப்பானுடன் கூடிய பல்முனைக் கருவி, செயின் இணைப்புக் கண்ணி, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று. இந்தக் கடைசிப் பொருள் பல சைக்கிள்களில் வேறுபடுவதால் பந்தய இடத்தில் எளிதில் இரவல் கிடைக்காது. மற்றவற்றைக் கூடாரத்தில் வைக்கலாம்.

கூடாரத்தில் பொருள்களை வகைப்படி அடுக்காமல், மணிப்படி அடுக்கி வையுங்கள். மாலை ஆறு மணிப் பையில் கம்பளிக் கையுறை, நிறமில்லாத கண்ணாடி, இரு விளக்குகள். நள்ளிரவுப் பையில் உலர்ந்த காலுறை, உலர்ந்த ஓட்டக் கால்சட்டை, மாற்றுப் பேட்டரி. விடியற்காலைப் பையில் மெல்லிய மேற்சட்டை. ஒவ்வொரு பைக்கும் பெரிய எழுத்தில் நேரத்தை எழுதி ஒட்டிவிட்டால், உதவிக்கு வந்தவர் தேட வேண்டியதில்லை. நின்ற நேரம் யாருக்கும் தெரியாமல் சேர்ந்துகொண்டே போகிறது: 14 சுற்றுகள் ஓட்டும் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம் நின்றால் மொத்தம் 84 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று போய்விடும். தனியாக ஓட்டுபவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஆனால் ஈரமான கால்சட்டையை மாற்றும் நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தாதீர்கள். உராய்வுப் புண் ஒரு முறை வந்துவிட்டால் மீதி இரவு முழுவதும் சீட்டில் உட்காரவே முடியாது.

உணவில் கடைப்பிடிக்க வேண்டியது ஒழுங்கு. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது நெடுநேரம் மிதமாக ஓட்டுபவருக்குப் பொருந்தும் அளவு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த பானத்தைப் பழகிய வயிறு 90 கிராம் வரை ஏற்கும், ஆனால் அந்தப் பழக்கத்தைப் பயிற்சியின்போதே உண்டாக்கியிருக்க வேண்டும். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரம் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். எட்டு மணி நேரத்திற்குப் பிறகு இனிப்பு என்றாலே குமட்டும். அப்போது உப்பிட்ட வேகவைத்த உருளைக்கிழங்கும் சூடான சூப்பும் காப்பாற்றும். இரவில் தாகம் தெரியாது என்பதற்காகக் குடிக்காமல் இருப்பதும் தவறு. பயத்தில் உப்பில்லாத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து இரத்தத்தில் சோடியம் குறையவிடுவது அதைவிட ஆபத்தானது.

தொடக்கத்தில் பெரும்பாலும் எல்லாரும் சைக்கிளை நோக்கி ஓடி, ஏறிப் பறப்பார்கள். அந்த வேகத்தில் கலந்துகொள்ளாதீர்கள். முதல் நான்கு மணி நேரமும் முழு வாக்கியத்தில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம் போதும். மற்றவர்கள் முந்திச் செல்வதைப் பார்த்து மனம் துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்களில் பலரை நள்ளிரவுக்குப் பிறகு கடந்து செல்வீர்கள்.

நால்வர் அணிக்கு இரவின் சிக்கலே தூக்கம்தான். ஒரு சுற்று ஒரு மணி நேரம் என்று கொண்டால், ஒவ்வொருவரும் ஒற்றைச் சுற்றாக ஓட்டும்போது கிடைக்கும் இடைவெளி மூன்று மணி நேரம். உண்பதற்கும் உடை மாற்றுவதற்கும் சைக்கிளைத் துடைப்பதற்கும் போனால் ஒன்றரை மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. இரவில் மட்டும் ஆளுக்கு இரண்டு சுற்றுகளாக மாற்றிக்கொண்டால் இடைவெளி ஆறு மணி நேரமாகும். நான்கு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம். எழுந்த உடனே உடலும் மூளையும் மந்தமாக இருப்பதால், முறை வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே எழுப்பிவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அடுத்தவர் வரவில்லையே என்று மாற்றுமிடத்தில் நடுங்கிக்கொண்டு காத்திருக்கும் வீரரின் வருத்தம் அணியின் ஒற்றுமையையே குலைத்துவிடும்.

தனியாக ஓட்டுபவருக்கு மூன்று மணி முதல் ஐந்து மணி வரையிலான நேரமே கடினமானது. உடலின் வெப்பநிலை அப்போதுதான் மிகவும் தாழ்ந்திருக்கிறது. இமைகள் தாமாகவே மூடும், வேர்கள் பாம்புகளாகத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றும் 'விட்டுவிடலாம்' என்ற எண்ணத்தை நம்பாமல், விடிந்த பிறகே அதைப் பற்றி யோசிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். காபியை முன்னிரவில் தவிர்த்து இந்த நேரத்திற்குச் சேமித்து வையுங்கள். குடித்தபின் அதன் முழுப் பயன் தெரிய அரை மணி நேரத்திற்கு மேலாகும் என்பதால், குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்து எழுந்தால் இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். ஆயினும் மனவலிமையால் தாண்டக் கூடாத எல்லைகளும் உண்டு. ஓட்டும்போதே கண் சொருகினாலோ, உடை மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, அந்தச் சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். இந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை உதவியாளரிடம் பகலிலேயே கொடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்த நிலையில் இருப்பவர் தான் நன்றாக இருப்பதாகவே சொல்வார்.

இருட்டில் முந்தும்போது எந்தப் பக்கமாக வருகிறீர்கள் என்பதை முன்கூட்டியே உரக்கச் சொல்லி, முன்னால் செல்பவர் இடம் விடும்வரை காத்திருங்கள். அவர் பதினைந்து மணி நேரமாகத் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். தடத்தோரம் விளக்கு அசையாமல் கிடந்தால், யாராக இருந்தாலும் நின்று, பெயரையும் இன்று என்ன கிழமை என்பதையும் கேட்டு, தெளிவான பதில் வந்த பிறகே நகருங்கள்.

கிழக்கு வெளுக்கும்போது உடம்பில் எங்கிருந்தோ ஒரு தெம்பு வரும். அதற்காக உடனே விளக்குகளைக் கழற்றிவிடாதீர்கள். மரங்களின் அடியில் வெளிச்சம் வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும், சோர்ந்த கண்களுக்கு அந்தச் சாம்பல் நிற ஒளி இருட்டைவிடக் குழப்பமானது. முழுதாக விடிந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை சுற்றுகளுக்கு நேரம் இருக்கிறது என்று உதவியாளரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பந்தயம் முடிந்ததும் எவ்வளவு உற்சாகமாக உணர்ந்தாலும் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். வேறொருவர் ஓட்டட்டும், ஆள் இல்லாவிட்டால் ஈர உடையை மாற்றி, சூடாக ஏதேனும் சாப்பிட்டு, கூடாரத்திலேயே சில மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு புறப்படுங்கள்.